இருமுகிறது கார்! கார்புரேட்டரைப் பிரித்துப் பார்ப்போமா?

இங்கிலாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை ஒட்டிய சிறு கொட்டகை. அதன் வாசலில் கூரையில்லாத, இரண்டே இருக்கைகள் கொண்ட ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. முகப்பில் எண்கோண வடிவில் ஒரு முத்திரை. அதற்குள் எம், ஜி என்ற இரண்டு எழுத்துகள். உரிமையாளர் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் உயிர் பெறுகிறது. ஆனால் சீராக ஓடவில்லை. குலுங்குகிறது, இருமுகிறது, புகைக்குழாயிலிருந்து கரும்புகை. பெட்ரோல் நெடி மூக்கைத் துளைக்கிறது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் வேகமெடுப்பதற்குப் பதிலாக ஒரு கணம் தயங்கி, பிறகுதான் ஓடத் தொடங்குகிறது.

உரிமையாளர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொள்கிறார். இன்றைய நாள் முழுவதும் கார்புரேட்டர்களோடுதான். நீங்களும் வாருங்கள், அருகில் நின்று பார்ப்போம். ஒரே ஒரு நிபந்தனை: தீக்குச்சி, விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதனால்தான் இந்த வேலையைத் திறந்த வெளியில், பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்கிறார்கள். தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள்.

இந்தக் காரின் பெயர் எம்.ஜி.பி. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியானது. எஞ்சின் நான்கு சிலிண்டர்; கொள்ளளவு 1,798 கன சென்டிமீட்டர். 'பி வரிசை' என்ற எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் காரின் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். பந்தயக் குதிரைக்கும் வண்டிக் குதிரைக்கும் ஒரே பாட்டனார் என்பதுபோல!

ஆனால் எம்.ஜி.பி.யில் கார்புரேட்டர் ஒன்றல்ல, இரண்டு. முன் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒன்று, பின் இரண்டுக்கு ஒன்று. அங்கேதான் வேடிக்கையும் தொல்லையும்.

ஓர் அறை நிறையக் காற்று

கார்புரேட்டரின் வேலை என்ன? "பெட்ரோலைக் காற்றோடு கலப்பது" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் எந்த அளவில் என்பதுதான் கேள்வி.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எடையில் சொன்னால் இதன் பிரம்மாண்டம் புலப்படாது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று சுமார் 10.9 கிலோ. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையிலுள்ள காற்று முழுவதும் 3 லிட்டர் பெட்ரோலுக்குத்தான் காணும்.

இந்த விகிதம் சற்றே பிசகினாலும் எஞ்சின் முணுமுணுக்கும். பெட்ரோல் அதிகமானால் கலவை 'செறிவு'. கரும்புகை வரும், பெட்ரோல் வீணாகும், கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சு வெளிப்படும். பெட்ரோல் குறைந்தால் கலவை 'மெலிவு'. எஞ்சின் இருமும், அளவுக்கு மீறிச் சூடாகும்.

சிக்கல் இனிமேல்தான். எஞ்சின் எப்போதும் ஒரே அளவு காற்றை இழுப்பதில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, நான்கு வீச்சு எஞ்சின் ஆகையால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 1.8 லிட்டர் இழுக்கும். அதாவது நிமிடத்துக்கு 2,700 லிட்டர் வரை. அதே எஞ்சின் நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது இழுப்பதோ அதில் ஒரு சிறு பங்கு. இரண்டு நிலைக்கும் விகிதம் மட்டும் மாறக் கூடாது என்றால் எப்படி?

சாதாரணக் கார்புரேட்டரில் காற்றுக்குழாயின் நடுவே இடுப்பு ஒடுங்கியதுபோல ஒரு குறுகல் இருக்கும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து செல்லும். விரைந்து செல்லும் இடத்தில் அழுத்தம் குறையும். பெர்னூலி தத்துவத்தைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த அழுத்தக் குறைவு பெட்ரோலை மேலே இழுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குறுகலின் அளவு மாறாதது. மெல்ல ஓடும்போது காற்றின் வேகம் போதாமல் பெட்ரோல் எழும்பாது. வேகமாக ஓடும்போது தேவைக்கு மேல் எழும்பும். இதைச் சரிக்கட்ட ஒரு ஜெட்டுக்கு உதவியாக இன்னொரு ஜெட், அதற்குத் துணையாக மற்றொன்று என்று சேர்த்துக்கொண்டே போனார்கள்.

செருப்புக் கடைக் குடும்பத்தின் யோசனை

லண்டனில் 'லில்லி அண்டு ஸ்கின்னர்' என்ற பெயரில் காலணி வணிகம் செய்த குடும்பத்தில் பிறந்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். அவருக்கு மோட்டார் வண்டிகளில்தான் நாட்டம். குறுகலின் அளவு மாறாததுதானே தொல்லை? அதையே மாறச் செய்தால் என்ன என்று சிந்தித்தார். 1906-ல் அவர் பெயருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த முதல் கார்புரேட்டரில் குறுகலை ஏற்றி இறக்கியது ஒரு தோல் துருத்தி. செருப்புக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தோல் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை! சகோதரர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. அதன் சுருக்கமே எஸ்.யு. 1926-ல் அது மோரிஸ் கார் நிறுவனத்தின் அதிபர் வசம் போயிற்று. தோல் துருத்தி போய், அதனிடத்தில் உலோக பிஸ்டன் வந்தது. தத்துவம் மட்டும் மாறவில்லை.

அந்தத் தத்துவத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

காற்றுக்குழாயின் நடுவே மேலிருந்து ஒரு பிஸ்டன் தொங்குகிறது. அது கீழே இறங்கியிருந்தால் வழி குறுகல். மேலே ஏறினால் வழி அகலம். பிஸ்டனின் மேற்பகுதி ஒரு பெரிய தட்டுப்போல விரிந்து, மணி வடிவக் கூடு ஒன்றுக்குள் ஏறி இறங்குகிறது. தட்டுக்குக் கீழே வெளிக்காற்றின் அழுத்தம். தட்டுக்கு மேலேயோ, பிஸ்டனின் அடியிலுள்ள துளைகள் வழியாக, குழாய்க்குள் நிலவும் குறைந்த அழுத்தம். இப்போது நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். த்ராட்டில் தகடு திறக்கிறது. எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் மேலும் குறைகிறது. தட்டுக்கு மேலும் குறைகிறது. எனவே கீழேயுள்ள வெளிக்காற்று பிஸ்டனை மேலே தள்ளுகிறது. வழி அகலமாகிறது. வழி அகன்றதும் அழுத்தக் குறைவு பழைய அளவுக்குத் திரும்புகிறது; பிஸ்டன் அந்த உயரத்திலேயே மிதந்து நிற்கிறது.

எவ்வளவு காற்று போனாலும் குறுகலில் காற்றின் வேகமும் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். யாரும் கட்டளையிடவில்லை. பிஸ்டனின் எடையும் ஒரு மெல்லிய சுருள்வில்லுமே இந்த அளவைத் தீர்மானிக்கின்றன. எம்.ஜி.பி.யின் சுருள்வில்லுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். அதன் விசை வெறும் 4½ அவுன்சு, அதாவது சுமார் 128 கிராம் எடைக்குச் சமம்.

சரி, காற்று கூடும்போது பெட்ரோலும் கூட வேண்டுமே? பிஸ்டனின் அடியில் ஓர் ஊசி தொங்குகிறது. அது ஜெட் என்ற சிறு துவாரத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஊசி நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். பிஸ்டன் ஏறினால் ஊசியும் ஏறும். துவாரத்தில் மெலிந்த பகுதி வந்து நிற்கும். சுற்றியுள்ள இடைவெளி அதிகமாகும். பெட்ரோலும் அதிகமாக வரும். ஒரே ஒரு ஜெட், ஒரே ஓர் ஊசி. இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கார்புரேட்டர் வரலாற்றில் உண்டா என்று எனக்குச் சந்தேகமே.

பிரிக்கும் வேலை

உரிமையாளர் காற்று வடிகட்டிகளைக் கழற்றிவிட்டார். கம்பிகளையும் குழாய்களையும் விடுவித்து, இரண்டு கார்புரேட்டர்களையும் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்போது கவனியுங்கள்: இரண்டு தட்டங்களை எடுத்து, ஒன்றில் 'முன்', மற்றொன்றில் 'பின்' என்று எழுதி வைக்கிறார். முன் கார்புரேட்டரின் ஓர் ஆணிகூடப் பின் தட்டத்துக்குப் போகக் கூடாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? மணிக்கூட்டையும் பிஸ்டனையும் பாருங்கள். பிஸ்டன் தட்டு கூட்டின் சுவரைத் தொடுவதில்லை. நடுவிலுள்ள தண்டு மட்டுமே ஒரு குழலுக்குள் வழுக்கி ஏறி இறங்குகிறது. தட்டுக்கும் சுவருக்கும் இடையே மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளி வழியாகக் காற்று எவ்வளவு கசிகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிஸ்டன் நிற்கும் உயரம். தொழிற்சாலையில் இந்தக் கூட்டுக்கு இந்தப் பிஸ்டன் என்று ஜோடி சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். மாற்றிப் போட்டால் ஜோடி கெட்டுவிடும்.

சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பிஸ்டன் அடியிலுள்ள துளைகளைக் களிமண் போன்ற ஒன்றால் அடைத்துவிட்டு, கூட்டுக்குள் பிஸ்டனை முழுவதும் நுழைத்து, தலைகீழாகத் திருப்பிப் பிஸ்டனை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். கூடு தன் எடையால் மெல்ல நழுவி இறங்கும். எம்.ஜி.பி.யின் அளவுக்கு 5 முதல் 7 விநாடி பிடிக்க வேண்டும். விரைவாக விழுந்தால் தேய்மானம். நடுவில் தட்டி நின்றால் அழுக்கு அல்லது நெளிசல்.

அழுக்கைப் போக்குவது எப்படி? புதியவர்கள் செய்யும் பெரும் பிழை இங்கேதான். கறுத்துக் கிடக்கும் பிஸ்டனைக் கண்டதும் உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். காட்சிக்கு அழகு, காருக்குக் கேடு. தேய்த்தால் உலோகம் போகும், உலோகம் போனால் இடைவெளி பெருகும், போனது திரும்பாது. கரைப்பான் திரவத்தில் நனைத்த மெல்லிய துணியே போதும். அதேபோல் ஜெட் துவாரத்தைக் கம்பி விட்டுக் குத்தவும் கூடாது. ஏன் என்பதை ஒரு கணக்கே சொல்லும்.

ஆயிரத்தில் ஓர் அங்குலம்

இந்தக் காரின் ஜெட் துவாரத்தின் விட்டம் 0.090 அங்குலம், அதாவது சுமார் 2.3 மில்லிமீட்டர். ஊசியின் மேல்பகுதியின் விட்டம் 0.089 அங்குலம். வித்தியாசம் ஆயிரத்தில் ஓர் அங்குலம். உங்கள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு!

பெட்ரோல் வரும் வழி ஒரு வளையம். அதன் பரப்பு பெரிய வட்டத்துக்கும் சிறிய வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. ஒப்பிடுவதற்கு 'பை' வேண்டாம். விட்டங்களின் வர்க்க வேறுபாடே போதும். ஆயிரத்தில் ஓர் அங்குலத்தை ஓர் அலகாக வைத்துக்கொள்வோம். 90-ன் வர்க்கத்திலிருந்து 89-ன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். அல்ஜீப்ராவில் படித்த சூத்திரம் கைகொடுக்கும்: கூட்டுத்தொகை 179, வித்தியாசம் 1, பெருக்கினால் 179. இப்போது ஜெட் தேய்ந்து 91 ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 180, வித்தியாசம் 2, பெருக்கினால் 360. இரண்டு மடங்கு!

உண்மையில் எஞ்சின் ஓடும்போது ஊசியின் இந்த உச்சிப் பகுதி ஜெட்டின் வாயில் நிற்பதில்லை. சற்று மெலிந்த பகுதியே நிற்கும். எடுத்துக்காட்டாக ஊசியின் விட்டம் 85 உள்ள இடம் என்று வைத்துக்கொண்டாலும், வளையம் 875-லிருந்து 1,056 ஆகிவிடும். பெட்ரோல் வழி 20 விழுக்காடு அதிகம். நம் சிவப்புக் கார் கரும்புகை விட்டதன் காரணம் தெரிகிறதல்லவா? கண்ணுக்குத் தெரியாத ஒரு தேய்மானம்.

எதனால் தேய்ந்தது? ஊசி ஜெட்டின் மையத்தில் நேராகத் தொங்காமல் ஒரு பக்கமாக உராய்ந்திருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: ஊசியின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு, ஜெட்டின் வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில். இரண்டும் மாற்ற வேண்டியவையே. நல்லவேளை, எஸ்.யு. பாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகத் தயாராகின்றன.

ஊசியை மாற்றும்போது அதன் மேல் பொறித்துள்ள எழுத்தையும் எண்ணையும் பார்க்க வேண்டும். எஸ்.யு. ஊசிகளில் நூற்றுக்கணக்கான வகைகள். மேலிருந்து எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒரு முறை அதன் விட்டம் எவ்வளவு என்று பட்டியலே உண்டு. ஒரு காரின் குணம் முழுவதையும் இந்தப் பட்டியலில் எழுதிவைத்துவிட்டார்கள் என்றால் மிகையில்லை.

கள்ளக் காற்று

அடுத்தது த்ராட்டில் தண்டு. வட்டத் தகட்டைத் திருப்பும் இந்தத் தண்டு அலுமினியக் கலவை உடலில் உள்ள இரண்டு துளைகளில் சுழல்கிறது. லட்சக்கணக்கான முறை திரும்பித் திரும்பித் துளையும் தேய்கிறது, தண்டும் தேய்கிறது. விரலால் அசைத்துப் பாருங்கள்: 'டக் டக்' என்று ஆடுகிறது.

இந்த ஆட்டத்தின் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. அது பிஸ்டனைத் தாண்டி வரவில்லை. ஜெட்டைத் தாண்டி வரவில்லை. கார்புரேட்டருக்கே தெரியாமல் வந்த கள்ளக் காற்று அது. அதற்குரிய பெட்ரோல் கிடைக்காது, கலவை மெலியும். வேகமாகப் போகும்போது ஆயிரக்கணக்கான லிட்டர் காற்றில் இந்தச் சிறு கசிவு பொருட்டல்ல. நின்ற இடத்தில் ஓடும்போதோ தகடு கீற்றளவுதான் திறந்திருக்கும். அப்போது கசிவே பெரும்பங்கு ஆகிவிடும். சாலையில் நன்றாக ஓடும் கார், சிக்னலில் நின்றதும் குலுங்குவதன் ரகசியம் இது.

தண்டை மட்டும் புதிதாக மாற்றினால் சில சமயம் போதும். துளை முட்டை வடிவமாகியிருந்தால் அதை நேராகக் கடைந்து பெரிதாக்கி, வெண்கலப் புஷ் இறக்க வேண்டும். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு சிக்கிக்கொள்ளும். இதைப் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

தகட்டைத் தண்டோடு பிணைப்பவை இரண்டு சின்னஞ்சிறு திருகாணிகள். அவற்றின் நுனி பிளவுபட்டிருக்கும். முறுக்கிய பிறகு அந்தப் பிளவை விரித்துவிட வேண்டும். மறந்தால் என்ன ஆகும்? அதிர்வில் ஆணி தளரும். தளர்ந்த ஆணி விழுவதற்கு ஒரே வழிதான் உண்டு: எஞ்சினுக்குள். வால்வைக் கடந்து சிலிண்டருக்குள் போய்விட்டால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே அது நசுங்கும். பிஸ்டனும் வால்வும் பாழ். நாலணா ஆணிக்கு எஞ்சினே விலை! ஆகவே பழைய ஆணிகளைத் திரும்பப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

மிதவை அறையும் விமானமும்

கார்புரேட்டரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு குடுவைதான் மிதவை அறை. நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவைப் பந்து குழாயை அடைப்பதுபோல, இங்கும் பெட்ரோல் ஒரு மட்டத்துக்கு வந்ததும் மிதவை எழும்பி ஊசி வால்வை மூடிவிடும். மட்டம் சரியாக இருக்க, மூடியைத் தலைகீழாகப் பிடித்து மிதவையின் நெம்புகோலுக்கு அடியில் எட்டில் ஓர் அங்குல அளவுக் கம்பி நுழைகிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்த வால்வு தேய்ந்தாலோ தூசி சிக்கினாலோ பெட்ரோல் வழிந்துகொண்டேயிருக்கும். எம்.ஜி.பி.யில் இது விளையாட்டல்ல. கார்புரேட்டர்கள் இருக்கும் அதே பக்கத்தில், அவற்றுக்குச் சற்றுக் கீழேதான் கொதிக்கும் புகைப்போக்கிக் குழல் ஓடுகிறது! நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு உண்டு. வழியும் பெட்ரோலைக் கீழே தரைவரை கொண்டுபோய்விட ஒரு குழாயும் உண்டு. முன்பு யாரோ பழுது பார்த்தபோது 'இது எதற்கு?' என்று அந்தக் குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

மிதவை அறைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பூமியின் ஈர்ப்பு கீழ்நோக்கி இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். சாலையில் ஓடும் காருக்கு இது கவலையில்லை. ஆகாயத்தில்?

1940-ல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களில் இருந்தவை ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின்கள். அவற்றின் கார்புரேட்டர்களும் எஸ்.யு. நிறுவனத்தாருடையவையே. வகை வேறு, ஆனால் மிதவை அறை உண்டு. எதிரி விமானத்தைத் துரத்தும் விமானி சட்டென்று மூக்கைக் கீழே தாழ்த்தினால், ராட்டினம் இறங்கும்போது நம் வயிறு மேலே போவதுபோல, பெட்ரோல் அறையின் மேற்பகுதிக்குப் போய்விடும். முதலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடைக்காது. அடுத்து மிதவை ஏமாந்து வால்வைத் திறந்துவிட, பெட்ரோல் வெள்ளமாய்ப் பாயும். இரண்டு விதத்திலும் எஞ்சின் திணறும். ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்திலோ பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. எனவே அது தலைகுப்புறப் பாய்ந்து தப்பிவிடும்.

தீர்வு கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். ஃபார்ன்பரோவிலிருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றவரும்கூட. எஞ்சின் முழு ஆற்றலில் ஓடத் தேவையான பெட்ரோலுக்கு மேல் போகாதபடி, பெட்ரோல் வரும் பாதையில் அளந்து துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டை வைத்தார். அவ்வளவுதான்! 1941-ன் தொடக்கத்தில் அவரும் குழுவினரும் விமானத் தளம் தளமாகச் சென்று இதைப் பொருத்தினார்கள். விமானங்களைப் பணியிலிருந்து விலக்க வேண்டியதே இல்லை. முழுமையான தீர்வாக அழுத்தக் கார்புரேட்டர் 1943-ல் வந்தது. அதுவரை தாக்குப்பிடித்தது இந்தத் துளையிட்ட துண்டுதான்.

மீண்டும் பூட்டுதல்

கொட்டகைக்குத் திரும்புவோம். எல்லாம் சுத்தமாகிவிட்டது. புதிய ஊசிகள், புதிய ஜெட்டுகள், புதிய தண்டுகள், புதிய ரப்பர் வளையங்கள்.

ஊசியின் தோள்பட்டை பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்கும்படி பொருத்துகிறார். பிறகு மிக நுணுக்கமான வேலை: ஜெட்டை மையப்படுத்துதல். ஜெட்டைத் தாங்கும் பெரிய நட்டைச் சற்றுத் தளர்த்தி, ஜெட்டை மேலே உயர்த்திப் பிடித்து, பிஸ்டனைக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டு நட்டை முறுக்குகிறார். ஊசியே தனக்கு வேண்டிய மையத்தைத் தேடிக்கொள்ளும். இப்போது பிஸ்டனை விரலால் தூக்கி விடுகிறார். 'டிக்' என்ற தெளிவான ஒலியோடு விழுந்தால் வெற்றி. ஒலி மந்தமாக இருந்தால் எங்கோ உராய்கிறது, மறுபடியும் முதலிலிருந்து. நம் நண்பருக்கு முன் கார்புரேட்டர் முதல் முயற்சியிலேயே சரியாயிற்று. பின் கார்புரேட்டர் நான்கு முறை அலைக்கழித்தது. பிற்காலக் கார்களில் ஊசியைச் சிறு வில்லால் ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்துவிட்டார்கள். மையப்படுத்தும் தொல்லை அதில் இல்லை.

மணிக்கூட்டின் உச்சியிலுள்ள மூடியைத் திறந்து, உள்ளே சிறிது எண்ணெய் விடுகிறார். இது மசகுக்காக என்று நினைத்தால் தவறு. மூடியோடு தொங்கும் சிறு தடுப்பான், பிஸ்டன் மேலே ஏறும்போது எண்ணெயில் அழுந்தித் தடை செய்யும். இறங்கும்போது தாராளமாக வழிவிடும். எதற்கு இந்த ஒருவழித் தடை? ஒரே கன அளவுள்ள காற்றைவிடப் பெட்ரோல் சுமார் 600 மடங்கு கனமானது. ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதித்தால் காற்று உடனே பாய்ந்துவிடும்; பெட்ரோல் பின்தங்கிவிடும். எண்ணெய் பிஸ்டனைச் சற்றுத் தாமதிக்கச் செய்வதால், அந்தக் கணத்தில் குறுகலில் அழுத்தம் மிகவும் குறைந்து கூடுதல் பெட்ரோல் எழும்பும். எண்ணெய் வற்றிப்போனால்? நம் சிவப்புக் கார் வேகமெடுக்கத் தயங்கியது நினைவிருக்கிறதா? மூடியைத் திறந்தபோது இரண்டு கூடுகளும் வறண்டு கிடந்தன!

இரண்டு மூச்சும் ஒன்றாக

கார்புரேட்டர்கள் எஞ்சினில் ஏறிவிட்டன. ஜெட்டின் அடியிலுள்ள அறுகோண நட்டைத்தான் இனித் திருப்ப வேண்டும். ஜெட் மேலே முட்டும்வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பட்டை கீழே இறக்கித் தொடங்குவது மரபு. வால்வு இடைவெளியையும் தீப்பொறி நேரத்தையும் முன்னதாகவே சரிபார்த்துவிட்டார். கார்புரேட்டரின் மேல் சுமத்தப்படும் பழிகளில் பாதி தீப்பொறிக்கு உரியவை என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

எஞ்சின் சூடேறியதும் ஒரு ரப்பர்க் குழாயை எடுக்கிறார். ஒரு முனை காதில். மறுமுனை முன் கார்புரேட்டரின் வாயருகே. 'உஸ்' என்ற ஒலி. அடுத்துப் பின் கார்புரேட்டர். அதன் ஒலி சற்று உரக்க இருக்கிறது. அதாவது அது அதிகம் இழுக்கிறது. இரண்டு தண்டுகளையும் இணைக்கும் பிடியைத் தளர்த்தி, திருகை இங்கே சிறிது அங்கே சிறிது திருப்பி, இரண்டு மூச்சொலியும் ஒன்றாகும்வரை கேட்கிறார். மருத்துவர் மார்பில் குழாய் வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

கலவை சரியா என்று அறிய ஓர் அழகான சோதனை உண்டு. பிஸ்டனை ஒரு சிறு ஊசிப்பொத்தானால் 0.8 மில்லிமீட்டர் மட்டும் தூக்க வேண்டும். வழி அகன்று, ஜெட்டின் மேலுள்ள அழுத்தக் குறைவு தளர்ந்து, கலவை சற்றே மெலியும். இப்போது எஞ்சினின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால், முன்பு கலவை செறிவாக இருந்தது என்று பொருள். மெலிந்ததால் நலம் பெற்றிருக்கிறது. வேகம் உடனே தளர்ந்து எஞ்சின் நின்றுபோனால் முன்பே மெலிவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கே வந்தால் சரியான கலவை. நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டை மட்டுமே திருப்ப வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற வேலை அல்ல.

இவ்வளவும் கதவு திறந்த வெளியில்தான் நடக்கிறது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட விடுவது உயிருக்கு உலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும்.

பழைய கையேடுகள் அறியாத ஒரு மாற்றத்தையும் நம் நண்பர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் மூலக்கூறில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். கலவைப் பெட்ரோலுக்கு வேண்டிய காற்று 14.7-லிருந்து சுமார் 14.1 ஆகக் குறைகிறது. ஜெட் பழைய அமைப்பிலேயே இருந்தால் கலவை ஏறத்தாழ 4 விழுக்காடு மெலிந்துவிடும். பழைய ரப்பர் வளையங்களையும் எத்தனால் கெடுக்கக் கூடும். அதனால்தான் எல்லா வளையங்களும் புதிது. நட்டும் ஒரு பட்டை கூடுதலாக இறங்குகிறது.

இன்றைய கார்களில் இந்தத் திருகல்கள் இல்லை. புகைக்குழாயில் அமர்ந்துள்ள ஆக்சிஜன் உணர்வி அளந்து சொல்ல, மின்னணுச் சாதனம் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. ஆனால் உங்கள் தெருவிலுள்ள இரு சக்கர வாகனப் பட்டறையில் 2020-க்கு முந்திய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரிக்கும்போது எட்டிப் பாருங்கள். அவற்றில் பலவற்றின் கார்புரேட்டருக்குள் வட்டமான ரப்பர் சவ்வும், அதிலிருந்து தொங்கும் பிஸ்டனும், மெலிந்த ஊசியும் இருக்கும். ஸ்கின்னரின் தோல் துருத்தி ரப்பராக மறுபிறவி எடுத்து வந்திருக்கிறது!

மாலை ஆகிவிட்டது. சிவப்புக் கார் பத்து மைல் ஓடித் திரும்பியிருக்கிறது. உரிமையாளர் சூடு ஆறியதும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைக்கிறார். கரி படிந்து கறுத்திருந்தால் செறிவு. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் மெலிவு. முதல் மூன்றும் வெளிர் பழுப்பு, பிஸ்கெட் நிறம். நான்காவது மட்டும் சற்றுக் கறுப்பு. அவர் ரப்பர்க் குழாயை மறுபடி எடுத்துக்கொண்டு பின் கார்புரேட்டரின் பக்கம் குனிகிறார்.